பாதுகாப்புச் செம்மல் படம் பிடித்துக்கொண்டார்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த பகல் பாசஞ்சரில் பூவராகவனுக்கு அன்று ஒரு முழு பெஞ்சு தனியாகக் கிடைத்தது. மீன்கூடைக்காரிகள்கூட எதிர்ப்பக்கம் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்களே தவிர, அவர் பக்கம் வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் தன் முகத்தில் இருக்கும் அதிகாரக் களைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பார். மீஞ்சூரில் இறங்குகிற வரைக்கும் அன்று அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் அவர் மூக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

சாராய நாற்றம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம் அது. மதுவிலக்கு மறுபடி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சாராயம் கிடைக்காத ஊரும் இல்லை, குடிப்பதாக ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை. ஆனால் பூவராகவன் நிஜமாகவே குடிக்காதவர். சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு, நெற்றியில் கம்பி போல ஒற்றை நாமம், இரண்டாவது காப்பி குடித்தாலே மனசு உறுத்துகிற ஒழுக்கம். அப்படிப்பட்டவர் கையில் ஒரு துணிப்பையைப் பிடித்துக்கொண்டு, வழியில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, ஸ்டேஷன் ரோட்டில் நடந்தார். பைக்குள் முதலாளியின் மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டு. கூடவே ஒரு டை. ஆபீசில் விவரம் தெரிந்த ஒருவர் முடிச்சுப் போட்டே கொடுத்திருந்தார். தலைவழியாக மாட்டி இழுத்துக்கொண்டால் போதும், மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியும் இருந்தார்.

பூவராகவன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி மில்லில் பாதுகாப்பு அதிகாரி. மில் வாசலில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு எண். தினமும் காலையில் ஸ்டூலில் ஏறி, முந்தின நாள் எண்ணைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுதுவதுதான் அவருடைய உத்தியோகத்தில் கண்ணுக்குத் தெரிந்த வேலை. அந்த எண் இன்னும் பன்னிரண்டு நாளில் ஆயிரத்தைத் தொடப்போகிறது. அன்று விழா. மானேஜர் ஒரு புலவரைப் பிடித்து ‘பாதுகாப்புச் செம்மல்’ என்ற பட்டத்தை வாங்கி வைத்திருந்தார். பட்டம் பெறுகிறவரின் ஆளுயரத்தில் பாதி உயரப் படம், கண்ணாடி போட்டு, ஆபீஸ் ஹாலில் நிரந்தரமாக மாட்டப்படும். அந்தப் படத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

பலகையில் ஒரே ஒரு கோளாறு. அந்த எண் பொய்.

அறுநூற்றுப் பதினோராம் நாள் சாயங்காலம் கிரேன் சங்கிலி அறுந்து, ஒரு கம்பிக் கட்டு சின்னராசு என்கிற தொழிலாளியின் மார்பில் விழுந்தது. அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் வாய் பிளந்திருக்கிறது என்று அதே சின்னராசுதான் மூன்று வாரம் முன்னால் வந்து சொல்லியிருந்தான். எண் நன்றாக ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று பூவராகவன் அனுப்பிவிட்டார். இப்போது அவன் செத்துக் கிடந்தான். மில்லுக்குள் செத்தால் பலகை பூஜ்யத்துக்குப் போகும். ரோட்டில் செத்தால் பலகைக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கணக்கை மேலிடத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. பூவராகவனே போட்டார். இருட்டியதும் அவரும் வாட்ச்மேன் நாகமுத்துவும் மில் வேனில் அவனைக் கொண்டுபோய் கல்கத்தா ரோட்டோரம், ஒரு மதகுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். சும்மா கிடத்தினால் கேள்வி வரும் என்று, ஒரு பாட்டில் சாராயமும் கொண்டுபோயிருந்தார்கள். குடித்துவிட்டுப் போனவன் லாரியில் அடிபட்டான் என்று காகிதத்தில் ஏறியது. மறுநாள் காலையில் பூவராகவன் ஸ்டூலில் ஏறி அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். ‘2’ மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

சின்னராசு எட்டு வருஷத்துக்கு முன்னால் மாதா மேல் சத்தியம் செய்து குடியை விட்டவன். காலனியில் குடிக்கிறவனையெல்லாம் வழிமறித்துப் புத்தி சொல்கிறவன். அப்படிப்பட்டவன் சாராயத்தில் ஊறிச் செத்தான் என்றால் காலனிக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கோயிலில் அவனுக்குத் துக்கமணி அடிக்கவில்லை. மாதாவையே ஏமாற்றியவன் என்று பேச்சாகிவிட்டது. கல்லறைக்கு நாலு பேருக்கு மேல் வரவில்லை.

அவன் மனைவி ரோசம்மாள் பத்தாம் நாள் மில்லுக்கு வந்து பூவராகவன் முன்னால் நின்றாள். அழவில்லை.

“சார், நீங்க பெரியவரு. அவரு குடிக்க மாட்டாருன்னு சாமியாரண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணா.”

பூவராகவன் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி வைத்தார்.

“யாரு எப்ப இன்னா பண்றாங்கன்னு எப்பிடிம்மா சொல்றது” என்றார்.

பிறகு கருணை உள்ளம் படைத்த நிர்வாகம் அவளுக்கு ஆபீஸ் ஹாலைப் பெருக்குகிற வேலை கொடுத்தது. விழா மலரில் அதைப் பற்றி ஒரு பத்தியும் அச்சாகியிருந்தது. அதிலிருந்து தினமும் அவள் பெருக்கிய தரையில் நடந்துதான் பூவராகவன் தன் அறைக்குப் போகவேண்டியிருந்தது. அவள் ஒதுங்கி நிற்பாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு போவார்.

இனி அன்றைக்குக் காலையில் நடந்தது.

படம் எடுத்துக்கொள்ளப் போகிற நாள் என்பதால் விடிவதற்குள் எழுந்து, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு வந்தார். காப்பியோடு எதிரே வந்த அவர் மனைவி கனகாம்பாள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். வெளியே எங்கேயாவது போய் வந்தீர்களா என்று கேட்டாள். கிணற்றடியைத் தவிர எங்கும் போகவில்லை என்றார். அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கும் அந்த வாடை தெரிந்தது. தன் தோளிலிருந்து, மார்பிலிருந்து, ஈரத்தலையிலிருந்து வந்தது.

இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாயே, நான் குடிக்கிற ஆளா, நீயே சொல்லு என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

கனகாம்பாள் டம்ளரை ஜன்னலில் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை.

“யாரு எப்ப இன்னா பண்றாங்கன்னு எப்பிடிங்க சொல்றது.”

 அந்த வார்த்தைகளை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடி குளித்தார். சோப்பு ஒரு கட்டி கரைந்தது. பவுடரைக் கொட்டினார், ஜவ்வாது தடவினார். ஜவ்வாது மணத்துக்கு மேலே சாராய வாடை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. மீசைக்குச் சாயம் போட்ட சலூன்காரர் மட்டும்தான் அவரிடம் அனுதாபமாக நடந்துகொண்டார். தானும் விட்டுவிடலாம் என்றுதான் பார்ப்பதாகவும், உடம்பு கேட்கமாட்டேன் என்கிறது என்றும் காதோடு சொன்னார்.

இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அவர் மீஞ்சூர் வந்து, அற்புதம் போட்டோ ஸ்டூடியோவின் படியேறினார்.

பழைய ஓட்டுக் கட்டிடம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கல்யாண ஜோடிகள் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று நின்றுவிட்டது. ஈரம் காயாத திரைகளின் வாடை, கழுவுகிற மருந்தின் புளிப்பு நெடி. கண் பழகியபோது முதலில் தெரிந்தது சுவரளவு ஒரு ஓவியத் திரை: அரண்மனைப் படிக்கட்டு, தடாகம், பழவேற்காடு ஏரி ஒருநாளும் கண்டிராத அன்னப்பறவைகள். அதற்கு முன்னால் சிங்கமுகக் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி. பக்கத்து முக்காலியில் தடிதடியாகச் சட்டப் புத்தகங்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாத அட்டைகள். எதிரே மூன்று கால் வைத்த மரக் காமிரா, தலையில் கறுப்புத் துணி தொங்க.

ஸ்டூடியோக்காரர் ஜெயராஜ் ஐம்பது வயதுக்காரர். வாடிக்கையாளர் எந்த நிலையில் வந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். கோட்டை மாட்டிவிட்டு, நீண்ட கையை உள்ளே மடித்து ஊசி குத்திவிட்டு, டையைச் சரிசெய்தபோது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“கவலப்படாதீங்க சார். படத்துல வாசன விழாது.”

அன்று காலையிலிருந்து பூவராகவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டப் புத்தகத்தின் மேல் கையை வைத்தார். ஜெயராஜ் துணிக்குள் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, முகம் பூட்டிக்கொண்டு இருக்கிறது என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் தானாகத் திறந்துகொள்ளும், திறக்கிற நேரம் பார்த்து அமுக்குவதுதான் தன் கைவேலை என்றார்.

அப்போது கரெண்ட் போனது.

இரண்டு பெரிய விளக்குகளும் அவிந்ததும், கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டிலிருந்து ஒரு சாம்பல் வெளிச்சம் நாற்காலி மேல் மட்டும் இறங்கியது. அது போதும் என்றார் ஜெயராஜ். காமிராவில் ஒரு பிலிம் தயாராக இருக்கிறது, ஆனால் இந்த வெளிச்சத்தை நம்பமுடியாது, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு வருகிறேன், அசையாமல் அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்த இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூவராகவன் அசையாமல் இருந்தார்.

எங்கோ ஒரு கூட்ஸ் வண்டி போனது. அதன் அதிர்வில் காலி அட்டைப் புத்தகங்கள் லேசாகக் கடகடத்து நின்றன. ஓட்டுக்கு மேல் ஒரு காக்கை நடந்தது. நகம் படுகிற சத்தம் அப்புறம் இல்லை.

கறுப்புத் துணி அசைந்தது.

துணிக்குள் ஆள் வந்துவிட்டார். கதவு திறந்த ஓசை கேட்கவில்லையே என்று தோன்றியது. கூட்ஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“பேசுங்க சார்” என்றது துணிக்குள்ளிருந்து குரல். கம்மலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

பூவராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விழாவுக்கென்று மனப்பாடம் செய்திருந்த ஏற்புரையை எடுத்துவிட்டார். பாதுகாப்பே நம் மூச்சு, ஒரு தொழிலாளியின் விரல் நகம் கூட எனக்கு என் பிள்ளையின் விரல் நகம்.

“அது இல்ல சார்.”

அவர் நிறுத்தினார்.

“மனசுல கெடக்கறத.”

துணிக்குக் கீழே, காமிராவின் மூன்று மரக்கால்களுக்கு நடுவே, இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெறும் பாதங்கள். ஜெயராஜ் செருப்புப் போட்டிருந்தாரே என்று நினைத்தார். இருட்டறைக்குள் கழற்றிவிட்டிருப்பார்.

பாதங்கள் கணுக்கால் வரைக்கும் கறுத்திருந்தன. இரும்புப் பொடி அப்பினால் வருகிற கறுப்பு.

எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். டை கழுத்தை இறுக்கியது.

“அறுநூத்திப் பதினொண்ணு” என்றது குரல்.

கறுப்புத் துணிக்குப் பின்னால் முகம் தெரியாமல் இருக்கிற ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்து போகிற வழக்கம் சின்னராசுவின் கோயிலில் உண்டு. பூவராகவனின் சம்பிரதாயத்தில் அது கிடையாது. ஆனாலும் அவர் வாய் திறந்துகொண்டது. சங்கிலி பற்றி அவன் சொன்னதைச் சொன்னார். தான் விரட்டியதைச் சொன்னார். வேனில் அவன் கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

“அப்பறம்.”

“நாகமுத்துக்குக் கை நடுங்கிச்சு. திரும்பிக்கினான். அவன் கையிலர்ந்து பாட்டில நான்தான் வாங்கினேன். சட்டையில ஊத்தினேன்.”

“அப்பறம்.”

“வாயில வாசன இல்லன்னா நம்ப மாட்டாங்கன்னு...”

கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் மங்கி வந்தது.

“பல்லு கிட்டிக்கினு இருந்திச்சு” என்றார் பூவராகவன். அடுத்த வார்த்தை அவருக்கே கேட்காத அளவுக்குத் தேய்ந்துபோயிற்று. “நான்தான் தெறந்து ஊத்தினேன்.”

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

இருட்டறைக் கதவு திறந்தது. கையில் இரண்டு பிலிம் தட்டுகளோடு ஜெயராஜ் வெளியே வந்தார். காலில் செருப்பு இருந்தது.

“மன்னிச்சுக்கோங்க சார், இருட்டுல தட்டு கைக்கு ஆப்புடல. ஆரம்பிக்கலாமா?”

கறுப்புத் துணி காமிராவின் மேல் தட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயராஜ் குனிந்து பார்த்துவிட்டு, யார் இதை அமுக்கியது, உள்ளே இருந்த பிலிமில் படம் விழுந்துவிட்டதே என்று முணுமுணுத்தார். தரையில் ஏதோ கறுப்பாகக் காலில் நறநறத்ததைச் செருப்பால் தேய்த்து ஒதுக்கினார்.

பூவராகவன் முகம் நனைந்திருந்தது. அவருக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தான் பேசியது உள்ளே கேட்டதா என்று கேட்டார். நீங்கள் பேசினீர்களா என்று ஜெயராஜ் ஆச்சரியப்பட்டார்.

திரும்பும் வண்டியில் ஒரு கூடைக்காரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் சாய்ந்து தூங்கவும் செய்தாள். அவர் தன் சட்டைக்கையை முகர்ந்து பார்த்தார். ஜவ்வாது மணம் மட்டும்தான் இருந்தது. பொன்னேரி வருவதற்குள் பயம் இறங்கி, ஒரு சௌகரியமான நிம்மதி ஏறிக்கொண்டது. மனசில் கிடந்ததைச் சொல்லியாயிற்று. கேட்டவர் உயிரோடு இல்லை. இதைவிடச் சிக்கனமாக ஒருவன் பாவத்தைக் கழிக்க முடியாது. ரோசம்மாளுக்குச் சொல்வதா என்ற கேள்வி ஒருமுறை எட்டிப் பார்த்தது. நடந்தது நடந்துவிட்டது, அவள் மனசை எதற்குக் கிளறுவது என்று அதையும் கருணையோடு முடித்துவைத்தார்.

ஜெயராஜ் பிறகு எடுத்த இரண்டு படங்களும் கரிக்கட்டையாக வந்தன. முதல் பிலிம் மட்டும் தேறியது. அதைப் பெரிதாக்கி அனுப்பியபோது, முப்பது வருஷத் தொழிலில் தனக்கு இப்படி ஒரு படம் அமைந்ததில்லை என்று சீட்டும் எழுதி வைத்திருந்தார்.

ஆயிரமாவது நாள் படத்தை மூடியிருந்த திரையை விலக்கினார்கள். ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டு, டை, சட்டப் புத்தகம் எல்லாம் கம்பீரமாக விழுந்திருந்தன. கண்கள் பளபளத்தன. உதடுகள் சற்றே பிரிந்திருந்தன. இப்பவே வாயைத் திறந்து பேசிவிடுவார் போலிருக்கிறது என்றார் மானேஜர். முதலாளியும் அதையே சொன்னார். புலவர் அதை வெண்பாவில் சொன்னார். மாலையும் கழுத்துமாக நின்ற பூவராகவன் மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வாய் எந்த வார்த்தையில் நிற்கிறது என்று அந்த ஹாலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து ரோசம்மாள் ஹாலைப் பெருக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

நாகமுத்து வந்து சொன்னான். ஆறு மணிக்கு யாரும் வருவதற்கு முன்னால் அவள் படத்துக்குக் கீழே நிற்கிறாள். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். நடுநடுவே உம் கொட்டுகிறாள். நேற்று ‘அப்பறம்’ என்று கேட்டாள்.

நீ ஏதாவது உளறினாயா என்று பூவராகவன் அவன் சட்டையைப் பிடித்தார். நாகமுத்து பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிட்டான். அன்றே மானேஜரிடம் போய்ப் படத்தைக் கழற்றிவிடச் சொன்னார். செம்மலின் அடக்கத்தை மானேஜர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிலாகித்தார். படத்துக்கு மேலே ஒரு சிறு விளக்கும் போடச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில், பூவராகவன் தன் அறையில் உட்கார்ந்திருக்கும்போது, ரோசம்மாள் வாசல்படியில் வந்து நின்றாள். துடைப்பத்தை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தாள். நேற்று கோயிலில் பூசை முடிந்ததும் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். சங்கிலி, வேன், மதகு, பாட்டில். சாமியார் கல்லறைக்கு வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். துக்கமணி அடித்தார்கள். காலனியே வந்திருந்தது.

பூவராகவன் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “யாரும்மா உனுக்கு இதெல்லாம் சொன்னது?”

“நீங்கதான் சார். தெனம் காலைல சொல்றீங்களே.”

அவள் குரலில் கோபம் இல்லை. தூங்கி எழுந்தவள்போல இருந்தாள்.

“ஒரு எடத்துல மட்டும் உங்க கொரலு கம்மிடுது சார். எத்தினி தபா கேட்டும் காதுல விழல. பல்லு கிட்டிக்கினு இருந்திச்சின்னு சொல்றீங்க. எந்தக் கையால தெறந்தீங்க?”

பூவராகவன் உதட்டைக் கடித்துக்கொண்டார். மேஜை மேல் இருந்த கைகளை மெல்லக் கீழே இறக்கினார். வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். திறக்கவும் இல்லை.

ரோசம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவள் ஹால் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆளில்லாத ஹாலில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

“வலது கை” என்றது பூவராகவனின் குரல்.